வெள்ளம் வடிந்த வீடுகளில் இரவல்

வெள்ளத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், அங்கே மிஞ்சிக் கிடக்கும் ஒற்றைச் சுளகை இரவல் கேட்டு வாங்கி வருகிற ஒரு பெண்ணைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நாங்களும் அதைத்தான் நினைத்தோம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அவருக்கு வைக்காத பட்டமில்லை. முகத்துக்கு முன்னால் மட்டும் எல்லோருக்கும் அவர் மூலைவீட்டு அக்கா.

அப்போது அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் ரயிலில் கார்ட். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளைகள் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, யாழ்ப்பாணத்தாரைக் கட்டி, முப்பது வருடம் கொழும்பில் இருந்ததால் அவருடைய பேச்சு மூன்று ஊரையும் சேர்த்து அரைத்தது மாதிரி இருக்கும். குரல் பெரிது. ஆறுதல் சொல்லத் தெரியாது. செத்த வீட்டுக்குப் போனால்கூட, “பைப்படி வழுக்குது, சாம்பல் போட்டுத் தேயுங்கோ” என்பதுபோல எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவார். ‘பாவம்’ என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை நான் யாரையோ பாவம் என்றதற்கு என்மேல் பாய்ந்தார்.

“பாவம் எண்டு சொல்லாத புள்ள. நாலு பேர் சொன்னா அந்த மனுசன் நம்பிருவான்.”

வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எல்லாரையும் எடை போட்டு முடித்த வயது.

வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஆட்கள் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. யுத்தம் முடிந்தும் அரிசிக்குக் கூப்பன் முடியவில்லை. என் அண்ணன் கொட்டாஞ்சேனைக்கு அப்பால், ஆற்றுக்குக் கிட்டவாக, தாழ்ந்த நிலத்தில் இருந்தார். துறைமுகத்திலிருந்து புறக்கோட்டைக் கிட்டங்கிகளுக்குச் சாமான் ஏற்றும் இரண்டு கரத்தைகளும் நாலு மாடுகளும் அவருக்கு இருந்தன. அந்த நாலு மாடும் இழுத்த இழுப்பில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டேன். என்னைக் கரைசேர்த்துவிட்டுத் தான் கலியாணம் செய்யலாம் என்று இருந்தவர், கடைசிவரை செய்யவில்லை.

வெள்ளம் வந்த அன்று அவர் என் வீட்டில் நின்றார். என் மகனுக்கு முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. வேலையாட்களுக்கு லீவு கொடுத்து, மாடுகளைக் கொட்டிலில் கட்டி, கதவைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். பின்னேரம் மழை வலுத்தது. புறப்பட்டவரை மறித்தது நான்தான்.

“இந்த மழைக்குள்ள ஏன் அண்ணை? விடியப் போகலாம் தானே. பாருங்கோ, மருமேன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்.”

முப்பத்தொரு நாள் பிள்ளை ஆளைப் பார்த்து என்ன சிரிக்கும்? அண்ணனுக்கும் அது தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

விடியும்போது ஆறு கரையை உடைத்துவிட்டிருந்தது. வெள்ளவத்தையில் எங்களுக்கு முற்றத்துத் தண்ணீரோடு போயிற்று. அண்ணன் தன் ஒழுங்கைக்குள் கால் வைக்க மூன்று நாளானது. கொட்டில் பூட்டு, போட்டபடியே இருந்தது. உள்ளே நாலு மாடுகளும் கட்டினபடியே செத்துக் கிடந்தன.

முதல் இரண்டு கிழமையும், பதினைந்து நாள் மட்டும், கொழும்பே அங்கே போய் நின்றது எனலாம். சோற்றுப் பார்சல், பழைய உடுப்பு, பால்மா, பிரசங்கம். எங்கள் ஒழுங்கைப் பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு போனோம். மூலைவீட்டு அக்கா மட்டும் அசையவில்லை. நெஞ்சில் ஈரமில்லாத மனுஷி என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். பிறகு பொறுக்காமல் நேரிலும் கேட்டேன்.

“இப்ப போய் என்ன செய்ய?” என்றார் அக்கா. “இப்ப அங்க சனம் நெருக்கி நிக்குது. தண்ணி நிக்கிற மட்டும் அவனவன் உசிரைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். தண்ணி வத்தி, சேறு காஞ்சு, சோத்துப் பார்சலும் நிண்டு, வந்த சனமெல்லாம் போன புறகுதான் புள்ள ஒவ்வொருத்தரா...”

வசனத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வெள்ளம் வந்து ஐந்தாம் கிழமை அக்கா ஓலைப் பையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களுக்கு வெளிக்கிட்டார். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நாட்களில் நானும் அக்காவோடு கோட்டை வரை பஸ்ஸில் போய், கிராண்ட்பாஸ் டிராமில் ஏறுவேன். அவருடைய பையில் கொடுப்பதற்கு ஒன்றுமே இருக்காது. வெறும் பையோடு போய், நிரப்பிக்கொண்டு வருவார்.

அண்ணன் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி, இடியப்பம் அவித்து விற்கும் ஒரு முஸ்லிம் உம்மா இருந்தார். மாவும் அடுப்பும் பின்சுவரும் ஆற்றோடு போய், மிஞ்சியது இடியப்பம் பிழியும் உரலும் மா அரிக்கும் அரிதட்டும்தான். அந்த அம்மா பல நாளாக யாரோடும் கதைக்காமல், இடிந்த சுவரின் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார். அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்.

“உங்கட உரலைத் தாங்க. என்ட உரல் உடைஞ்சிட்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டு வருவன். வீட்டில இரிக்க வேணும், சரியா? நான் வந்து ஆளில்லாமத் திரும்ப ஏலாது.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உம்மா உரலைத் தூக்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அக்கா உரலோடு போனார். போனவர் சும்மா கொடுக்கவில்லை.

“என்ன உரல் இது? கண் எல்லாம் அடைச்சுக் கிடக்கு. இதுலயா நீங்க இடியப்பம் புழிஞ்சு வித்த?”

அவ்வளவுதான். அந்த அம்மா எழும்பினார்.

“என்ன மனுசி இவ! ஊட்டுல ஈந்த அம்புட்டும் ஆத்தோட போய்க் கெடக்கு, மிஞ்சின ஒத்த உரலயும் கேட்டு வாங்கிப் பெய்த்து, இப்ப குத்தம் வேறயா? என்ட இடியப்பம் திங்காத ஒரு ஊடு ஈக்கா இந்தத் தெருவுல?”

ஏச்சு அரைமணி நேரம் நடந்தது. அக்கா நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அரிதட்டை இரவல் கேட்டார். அடுத்த செவ்வாய் என்று சொன்னார். திரும்பும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“அழுதா எனக்குப் பயமில்ல. பேசாம இரிந்தாத்தான் பயம். இண்டைக்கு ஏசிட்டா,” என்றார்.

இப்படித்தான் அவருடைய வேலை. வாங்கின சாமானை வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டார். நாள் சொல்லாமல் வாங்க மாட்டார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றை வாங்காமல் வாசலை விட்டு இறங்கவும் மாட்டார். மூலைவீட்டுச் சமையலறையில் ஆட்டுக்கல் முதல் அகப்பை வரை எல்லாம் இரண்டிரண்டு இருந்தன என்பது எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். அதனால்தான் நாங்கள் அவ்வளவு சிரித்தோம்.

ஒருநாள் டிராமில் இடம் கிடைத்து இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தபோது, கேட்காமலே தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் பக்கம் ஒரு புயல் அடித்ததாம். தகப்பனுடைய தென்னந்தோட்டத்தில் ஒரு மரம் மிஞ்சவில்லையாம்.

“அதுக்கு முன்ன எங்கட வாசல்ல எந்த நேரமும் யாராவது நிப்பாங்க. ஏணி கேட்டு வருவாங்க. தோணி கேட்டு வருவாங்க. முஸ்லிம் வாப்பாமாரும் வருவாங்க, பெரிய வயல்காரப் போடியாரும் வருவார். எங்கட அப்பா ஏசி ஏசிக் குடுப்பார். புயலுக்குப் புறகு எல்லாரும் கொண்டு வந்து தந்தாங்க. அரிசி தந்தாங்க, சீலை தந்தாங்க. ஒருத்தன் ஏணி கேக்கல்ல. ஏணி உடையாம அப்படியே கிடந்த, அது எல்லாருக்கும் தெரியும். இழந்த மனுசனிட்டக் கேக்கப்படாது எண்டு அவங்களுக்கு மரியாதை.”

டிராம் நின்று ஆட்கள் ஏறினார்கள். அக்கா கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

“புயலில அவருக்கு ஒரு கீறல் இல்ல. எட்டு மாசத்துக்குப் புறகு, நல்ல வெயில் எறிச்ச ஒரு நாள், தானாப் போயிட்டார்,” என்றார்.

அக்கா எதற்காக இரவல் கேட்டுத் திரிகிறார் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது. நம்பிக்கைதான் வரவில்லை. சுளகும் உரலும் வாங்கி ஒரு மனுஷனை உயிரோடு வைத்திருக்கலாம் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாததற்கு ஒரு காரணமும் சீக்கிரமே கிடைத்தது. அதே தெருவில் ஒரு தையற்காரர். அவருடைய கரிப்பெட்டி ஸ்திரிக்கையை அக்கா ஒரு வியாழக்கிழமை வரைக்கும் என்று வாங்கியிருந்தார். புதன்கிழமை அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். அக்கா ஸ்திரிக்கையைத் துடைத்து எடுத்துப் போய் அவர் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அன்று எந்தச் சாமானும் வாங்காமல் திரும்பி வந்தார். மறுநாள் திரும்பவும் போனார்.

என் அண்ணனிடமும் அக்கா வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் கரத்தை லாம்பு. பிறகு ஏணி, கடப்பாரை, சாக்குத் தைக்கும் ஊசி. அண்ணன் எல்லோரிடமும் “பரவாயில்லை, பரவாயில்லை” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏச வராது. அவர் கொட்டிலைக் கழுவி, பூட்டைக் கழற்றி ஆற்றில் எறிந்துவிட்டு, திறந்த கதவுக்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு இருப்பார். மாடு வாங்கக் கடன் தருவதாகக் கிட்டங்கி முதலாளி சொல்லியிருந்தார். அண்ணன் “பார்ப்பம்” என்று சொல்லிவிட்டார். என்னைக் கண்டால் மட்டும் சிரிப்பார். சாவியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டோடு போனபோது, மடியில் மாடுகளின் கழுத்து மணிகளை வைத்துக்கொண்டு இருந்தார். நாலு வெண்கல மணிகள். முழங்கை வரைக்கும் புளியும் சாம்பலுமாக ஒரு மணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“இதையெல்லாம் ஏன் எடுத்து வச்சிருக்கிறியள்?”

“நாளைக்கு அவ வருவா. வாசலில கட்ட வேணுமெண்டு கேட்டவ. சேறு பிடிச்சுக் கிடக்கு, மினுக்கி வைக்கிறன் எண்டு சொன்னனான்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. செத்த மாட்டின் மணியையா இரவல் கேட்பது? அண்ணனின் மடியிலிருந்து நாலையும் பிடுங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். அவர் விரல்கள் தேய்த்தபடியே கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு கையைக் கழுவினார்.

“இனி உங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். நான் பார்த்துக்கொள்ளுறன். நீங்கள் நிம்மதியா இருங்கோ,” என்றேன்.

“ஓம்,” என்றார் அண்ணன்.

அந்தக் கோபத்தோடு வந்து மூலைவீட்டுப் படியில் ஏறினேன். இனி அண்ணன் வாசலில் கால் வைக்கக் கூடாது என்பது வரை வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் மறித்தார்.

“மினுக்கிக்கொண்டா இரிந்தார்?”

“ஓம், அந்த மனுசனை இருத்தி வச்சு...”

“எத்தனை மினுக்கின?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ரெண்டு முடிஞ்சுது. மூண்டாவது கையில இருந்தது.”

“அப்ப மத்ததை?”

“மத்ததும் என்ர பையிலதான் கிடக்கு!”

அக்கா என் பையையே பார்த்தார். அவர் முகம் அப்படி விழுந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் விடவில்லை. “தையற்காரர் செத்தாரே, உங்கட இரவல் அங்கை என்ன செய்தது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்டும் செய்யல்லத்தான்,” என்றார். பிறகு, “நீ கூடப் பிறந்தவ. நான் பிறத்தி. போகாத எண்டு நீ சொன்னா நான் எப்படிப் போற?”

மணிகளை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அண்ணன் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாவது ஞாயிறு, “மூலைவீட்டு அக்காவுக்குச் சுகமில்லையோ? வாறதில்லை,” என்று கேட்டார்.

“நான்தான் வரவேண்டாமெண்டு சொன்னனான்.”

“சரி,” என்றார்.

மூன்றாவது ஞாயிறு, கரத்தை லாம்பை என் கணவருக்கென்று கொண்டு வந்தார், ஏணியைத் தன் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன என்றார். நல்லது என்றேன் நான். அண்ணன் தேறிவிட்டார், சாமான்களை ஒதுக்கி வீட்டைத் துப்புரவாக்குகிறார் என்று அன்று என் கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

அந்தக் கிழமையே அண்ணன் போய்விட்டார். எப்படி என்று எழுத மாட்டேன். அதைக் கேட்டவர்கள் அப்போது நிறையப் பேர். தெரு காய்ந்து புழுதி பறக்கிற காலம் அது. ஆறு தன்பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

மரண விசாரணையில் அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். துவிபாஷி தமிழில் என்னிடம் கேட்டார். இறந்தவருக்குக் கடன் தொல்லை உண்டா? இல்லை. குடிப்பழக்கம்? இல்லை. காதல் விவகாரம்? இல்லை. வெள்ளத்தில் மாடுகள் செத்ததைச் சொன்னேன். அதிகாரி பேனையை நிறுத்தி, அது நடந்து எவ்வளவு காலம் என்று கேட்டார். ஐந்து மாதம் என்றேன். அப்படியானால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். துவிபாஷி அதை மொழிபெயர்க்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்ட கடதாசியில் வெள்ளம் என்ற சொல்லே இல்லை. ஆற்றில் போனவர்களின் கணக்கைப் பத்திரிகைகள் எப்போதோ போட்டு முடித்திருந்தன. என் அண்ணன் அதில் இல்லை, தையற்காரரும் இல்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து உறவினர்கள் யாழ்ப்பாண மெயில் ரயிலில் திரும்பிப் போனார்கள். கணவர் கந்தோருக்குப் போகத் தொடங்கினார். எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது, பிள்ளையை அவர்களே தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினார்கள். ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பாவம், பேசாமல் இருக்கட்டும் என்றார்கள். நானும் அலுமாரிக்கு முன்னால் பேசாமல் இருந்தேன். மறித்தது நான், மணியைப் பிடுங்கியதும் நான். இந்தப் பிள்ளை நான் இல்லாமலே வளர்ந்துவிடும் என்று தோன்றத் தொடங்கியது. ஒருநாள் இல்லை, நாள்தோறும் தோன்றியது. அருகில் படுத்திருந்த கணவருக்குக்கூட அது தெரியாது.

மூலைவீட்டு அக்கா செத்த வீட்டுக்கு வந்து, பின்னால் நின்றுவிட்டுப் போயிருந்தார். என்னோடு பேசவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் தேவலை என்றிருந்தது.

ஐந்தாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல உள்ளே வரவில்லை. கையில் அந்த ஓலைப் பை வெறுமையாகத் தொங்கியது.

“புள்ள, உன்ட திருவலையைத் தா. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டு வருவன்.”

என் வீட்டில் தேங்காய் திருவ அது ஒன்றுதான் இருந்தது. அவர் என்னிடம் அதற்கு முன் ஒரு பிடி உப்புக்கூடக் கேட்டதில்லை. என்னை அவர் எந்த ஆட்களோடு சேர்த்துவிட்டார் என்பது விளங்க ஒரு நிமிடம் ஆகவில்லை. எனக்குள் இருந்ததை ஒரு ஆள் கண்டுவிட்டார் என்றதும் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“உங்கட வீட்டில ரெண்டு கிடக்குதே! எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? என்னையும் உங்கட வெள்ளச் சனமெண்டு நினைச்சிட்டியளோ? நான் உங்களைப் போகவேண்டாமெண்டு சொன்னா, நீங்கள் ஏன் என்ர சொல்லைக் கேட்டனீங்கள்? ஏன் கேட்டனீங்கள்? என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாமே!”

ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா அசையாமல் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, ஆனால் துடைக்கவில்லை.

“ஓம், போயிரிக்க வேணும்,” என்றார். “போயிரிந்தாலும் என்ன நடந்திரிக்கும் எண்டு எனக்குத் தெரியா. உனக்கும் தெரியா. திருவலையைத் தா.”

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் பல்லை விரலால் தடவிப் பார்த்து, மழுங்கிக் கிடக்கிறது என்று முணுமுணுத்தார்.

“வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் வரக்குள்ள நீ வீட்டில இரிக்க வேணும்,” என்றார்.

“ஒவ்வொரு மத்தியானமும் எனக்குத் தேங்காய் திருவ வேணும். வியாழக்கிழமையே கொண்டு வாங்கோ.”

“ஏலாது. வெள்ளிக்கிழமை.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் படியில் நின்று நாட்களை எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி மத்தியானம். ஐந்து நாள் தேங்காய்ப்பூ இல்லாமல் சமைக்க வேண்டும்.